அரையும் பாதியும்

பூம்பாறையில் நேற்று மலைப்பூண்டு வாங்கினேன். தராசில் தட்டு ஏறி இறங்க, "இரண்டரைக் கிலோவாப் போட்டுடட்டுமா தம்பி?" என்றார் கடைக்கார அக்கா. எனக்கு ரோமானியக் காசு ஞாபகம் வந்துவிட்டது.

லத்தீனில் 'செமிஸ்' என்றால் அரை. 'ஆஸ்' என்ற காசில் அரை மதிப்புள்ள காசுக்கும் அதே பெயர்தான். செஸ்டர்டியஸ் என்ற வெள்ளிக் காசு முதலில் இரண்டரை ஆஸ். அந்தப் பெயருக்குப் பொருள் 'மூன்றாவது அரை'. அதாவது இரண்டு முழுசு, மூன்றாவதில் அரை மட்டும். என்ன அழகான கணக்கு! எழுதும்போது இரண்டு நேர்கோடு, பக்கத்தில் செமிஸுக்காக ஓர் எஸ், குறுக்கே ஒரு கோடு. பின்னால் அதன் மதிப்பு நான்கு ஆஸ் ஆனது, பெயர் அப்படியே நின்றுவிட்டது.

நமக்கு அரையோடு பாதியும் இருப்பதுபோல் அவர்களுக்கு 'டிமிடியம்'. நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே 1995இல் கண்டுபிடித்த 51 பெகாசி பி கோளுக்கு 2015இல் வைத்த பெயர் அது. எடையில் வியாழனின் பாதி அளவு, நாலே கால் நாளில் தன் சூரியனைச் சுற்றிவிடும். கொடைக்கானல் வானாய்வகப் பக்கம் போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

நாம் அரைத்தூக்கம் என்கிறோம், அவர்கள் 'செமிசோம்னுஸ்' என்றார்கள். அதே அரை, அதே தூக்கம்!

இரவு போனில் மகள், "அப்போ செமஸ்டரும் இந்த அரைதானேப்பா?" என்றாள். இல்லடா, அது 'ஆறு மாதம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.