உக்ரைனிய மாணவரும் ஆங்கிலத்தின் 'இங்' ஈறும்

உக்ரைனிய மொழி பேசும் மாணவர்கள் ஆங்கிலத்தின் 'இங்' ஈற்றில் தடுமாறுவதைக் கவனக்குறைவு என்று சொல்வது நியாயமன்று. அவர்கள் மொழியில் தொழிற்பெயருக்கு 'சித்தான்னியா' (படித்தல்), வினையெச்சத்துக்கு 'சித்தாயுச்சி' (படித்துக்கொண்டே) என வெவ்வேறு வடிவங்கள் இருக்க, ஆங்கிலமோ இரண்டுக்கும் 'ரீடிங்' என்ற ஒன்றையே தருகிறது. ஆங்கிலத்தில் அதே 'இங்' தரும் நிகழ்காலச் செய்வினைப் பெயரெச்சத்தை ('படிக்கிற' போன்றது) உக்ரைனிய நடை பெரும்பாலும் தவிர்த்து, 'எவர் படிக்கிறாரோ அவர்' என்பது போன்ற துணைவாக்கியத்தையே விரும்புகிறது.

மிகக் கடினமானது 'ஸ்டாப்' என்னும் வினைதான்: உக்ரைனியத்தில் நிறுத்துதலைக் குறிக்கும் வினையோடு ஆங்கிலத்தின் 'டு ஸ்மோக்' போன்ற 'டு' வடிவத்துக்கு இணையான வினை வடிவமே சேர்வதால், 'ஸ்டாப்டு ஸ்மோக்கிங்' என்று எழுத வேண்டியவர் 'ஸ்டாப்டு டு ஸ்மோக்' என்று எழுதிவிட, புகைப்பதை விட்டவர் புகைப்பதற்காக நின்றவராகிவிடுகிறார். ஆகவே, கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்வதைவிட, இத்தகைய இணை வாக்கியங்களை முழுமையாக எழுதவைத்துப் பொருளைச் சொல்லச் சொல்வதே நல்ல பயிற்சி என்று உறுதியாக நம்புகிறேன். வினையெச்சத்துக்கும் முற்றுக்கும் எழுவாய் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற உக்ரைனிய விதி, ஆங்கிலத்திலும் அவர்களுக்கு நன்கு கைகொடுக்கும்.