சென்ட்ஓஎஸ் 7-க்கு விடைகொடுத்த கதை

ஒருவழியாக முடிந்தது, ஒரு பெட்டியைத் தவிர. பல சர்வர்களைச் சேர்த்துக் கட்டிய எங்கள் ஆய்வுக் கிளஸ்டர், சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ் இயங்குதளத்தை விட்டு, இப்போது ராக்கி லினக்ஸ் 9-இல் ஓடுகிறது. வாங்கிய எட்டுப் புது நோடுகளும் (கிளஸ்டரின் தனித்தனி சர்வர்கள்) சேர்ந்துவிட்டன. மூன்று நாள் என்று சொல்லி நிறுத்தியது, மீண்டும் முழுதாக எழப் பதினொரு நாள் ஆனது.

சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுள் 2024 ஜூன் 30-ஓடு முடியும் என்பது வருடக்கணக்காகத் தெரிந்த விஷயம்தான். தள்ளிப்போட்டோம். கெடு தாண்டியதும் ஒரு பேக்கேஜ் நிறுவப் போனால், அதற்கான கட்டளையான யம் கையை விரித்தது. பேக்கேஜ்கள் கிடைக்கும் மிரர் தளங்களின் பட்டியலைத் தரும் சர்வரே இல்லை. ரெப்போ (பேக்கேஜ் கிடங்கு) முகவரிகளைப் பழைய பதிப்புகளின் காப்பகமான வால்ட்டுக்கு மாற்றி ஒப்பேற்றினோம். 7-இலிருந்து 9-க்கு ஒரே தாவாகப் போக முடியாது, நடுவில் 8 வேண்டும். அந்த வம்பே வேண்டாமென்று எல்லா நோடுகளிலும் புதிதாக நிறுவினோம். அதில் புது நோடுகள் அரை நாளில் முடிந்தன.

அப்புறம் பழைய ஸ்டோரேஜ் சர்வர். யுஎஸ்பியோடு மெஷின் ரூமுக்குப் போய் பூட் செய்தால், இன்ஸ்டாலருக்கு ஒரு டிஸ்க்கும் தெரியவில்லை. கேபிளைப் பிடுங்கி மாட்டினேன், பயாஸைக் குடைந்தேன், வெறுங்கையோடு திரும்பினேன். விற்றவர்களிடம் கேட்டால், "அது பழசு சார், சப்போர்ட் முடிஞ்சிடுச்சு" என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். உள்ளே டிஸ்க்குகளை இணைத்திருந்தது எல்எஸ்ஐ எஸ்ஏஎஸ் 2008 கார்டு. ராக்கிக்கு மூலமான ரெட் ஹேட் லினக்ஸின் 8-ஆம் பதிப்பிலேயே அதற்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள். விடுபட்ட டிரைவர்களைத் தரும் எல்ரெப்போ கிடங்கின் டிரைவர் டிஸ்க்கைக் கொடுத்ததும் டிஸ்க்குகள் வரிசையாக வந்து நின்றன. தேதி குறிப்பதற்கு முன்பே ஒவ்வொரு நோடிலும், உள்ளிருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை ஓட்டி, கைவிடப்பட்ட கார்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலை.

ஜாப்களை நோடுகளுக்குப் பங்கிடும் ஸ்லர்ம் மென்பொருளின் தரவுத்தளத்தில் மட்டும் முன்ஜாக்கிரதை கைகொடுத்தது. 18.08 பதிப்பிலிருந்து நேராக 23.02-க்குப் போனால், ஸ்கீமா (தரவுத்தளத்தின் அமைப்பு) ரொம்பப் பழசு என்று மறுத்துவிடும். நகலெடுத்து, தனி விர்ச்சுவல் மெஷினில் 20.02, 21.08, 23.02 என்று படிப்படியாக ஏற்றினேன். வருடக்கணக்கான ஜாப் கணக்கில் ஒரு வரிகூடத் தொலையவில்லை. இதற்காக யாரும் பாராட்டவில்லை என்பது வேறு.

பாதி நோடுகள் 7-இலும் பாதி 9-இலும் இருந்த வாரத்தை மறக்க விரும்புகிறேன். புது லாகின் நோடில் கம்பைல் செய்த நிரல், பழைய நோடில் போய் விழுந்ததும் 'ஜிலிப்சி 2.34 (லினக்ஸ் நிரல்களுக்கான அடிப்படை நூலகம்) இல்லை' என்று செத்தது. தவறு என்னுடையது, இரு வகை நோடுகளையும் ஸ்லர்மில் ஒரே பார்ட்டிஷனில் (நோடுக் குழுவில்) விட்டிருந்தேன். பிரித்த பிறகுதான் புகார் மெயில்கள் நின்றன.

மிச்சமிருப்பது லைசன்ஸ். வணிக மென்பொருள் ஒன்றின் லைசன்ஸ் கிளஸ்டரை நிர்வகித்த பழைய ஹெட் நோடின் மேக் முகவரியோடு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) கட்டப்பட்டிருக்கிறது. மாற்றித் தர முதல் கொள்முதல் ஆணையின் நகல் வேண்டுமாம். கணக்குப் பிரிவில் கேட்டால், "அது உங்க லேப்லதான் இருக்கணும்" என்கிறார்கள். லேபில் அதை வாங்கியவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். ஆக, அந்த ஒரு லைசன்ஸுக்காகப் பழைய ஹெட் நோடு, வெளி நெட்வொர்க் துண்டிக்கப்பட்டு, ரேக்கின் அடியில் இன்னும் சென்ட்ஓஎஸ் 7-ஐ ஓட்டிக்கொண்டிருக்கிறது.