நிலவின் மறுபக்கத்து மலை

மார்ச் 4
‘சீசர் ஒரு பகா எண்.’ பொருளற்ற வாக்கியங்களைப் பற்றித் தத்துவவாதி ருடால்ஃப் கார்னாப் எழுதிய ஒரு கட்டுரையில் தந்த உதாரணம். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இதைப் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது; சொன்னால், சீசர் ஏதோ ஒரு எண்ணால் வகுபடுவார் என்றாகிவிடும். மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை, பொருளே இல்லை என்கிறார் கார்னாப்.

மார்ச் 5
அந்தக் கட்டுரையின் முக்கிய இலக்கு ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர். 1929இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக உரையில் அவர் ‘இன்மை’யைப் பற்றிப் பேசினார். வெளியே என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. சரி, அந்த ‘ஒன்றும் இல்லை’ என்ன செய்துகொண்டிருக்கிறது? இப்படித்தான் மொழி நம்மை வழிதவற வைக்கிறது என்கிறார் கார்னாப். இதில் நான் அவர் பக்கம்.

மார்ச் 8
இன்று கார்னாப்பின் தோழரான தத்துவவாதி மோரிட்ஸ் ஷ்லிக். சோதிக்க வழியே இல்லாத வாக்கியத்துக்குப் பொருள் இல்லை என்பது இவர்களின் கொள்கை. நிலவின் மறுபக்கத்தில் மலை இருக்கிறது என்ற வாக்கியத்தை 1930களில் யாராலும் சோதிக்க முடியாது. ஆனாலும் அதற்குப் பொருள் உண்டு என்றார் அவர். எதைப் பார்த்தால் ‘ஆமாம், மலைதான்’ என்று ஒத்துக்கொள்வோம் என்பது நமக்குத் தெரியுமே! 1936இல் வியன்னா பல்கலைக்கழகப் படிக்கட்டில், முன்னாள் மாணவன் ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். 1959இல் சோவியத் விண்கலம் லூனா 3 நிலவின் மறுபக்கத்தைப் படமெடுத்தது. மங்கலான படங்கள்தான், நமக்குப் பழக்கமான பக்கத்தில் இருக்கும் பெரிய கருந்திட்டுகள் அங்கே மிகக் குறைவு. ஷ்லிக் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் பிரெஞ்சு தத்துவவாதி ஓகுஸ்த் கோம்த்தையும் நினைத்துக்கொண்டேன். விண்மீன்கள் எதனால் ஆனவை என்பது நமக்கு ஒருநாளும் தெரியவராது என்று 1835இல் எழுதினார். கால் நூற்றாண்டு போவதற்குள் விஞ்ஞானிகள் கிர்ஹோஃபும் புன்சனும், ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறமாலையை வைத்து அதைக் கண்டுபிடிக்க வழிசெய்துவிட்டார்கள். எதைச் சோதிக்கவே முடியாது என்று முன்கூட்டியே சொல்வது அவ்வளவு ஆபத்தானது.

மார்ச் 9
‘சோதிக்க முடியாத வாக்கியத்துக்குப் பொருள் இல்லை.’ இந்த வாக்கியத்தை எப்படிச் சோதிப்பது? இது உண்மை பற்றிய கூற்றல்ல, மொழியை இப்படிப் பயன்படுத்தலாம் என்ற பரிந்துரை என்று அவர்கள் தரப்பிலிருந்து பதில் வந்தது. பரிந்துரை என்றால் மறுக்கவும் செய்யலாமே.

மார்ச் 13
அப்பாவை இழந்த தோழி, “ஏன் போனார்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மருத்துவர் காரணம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் கேட்கிறாள். எந்தப் பதிலைச் சொன்னால் ஒத்துக்கொள்வாள் என்று அவளுக்கே தெரியாது. கார்னாப் கணக்கில் இது கேள்வியே அல்ல, வாழ்வைப் பற்றிய உணர்வின் வெளிப்பாடு. அதற்குக் கவிதையும் இசையும் போதும். இந்த இடத்தில் என்னால் அவரோடு போக முடியவில்லை. அவள் பாட்டுக் கேட்கவில்லை, பதில் கேட்கிறாள். பதில் இல்லை என்று வேண்டுமானால் அவளிடம் சொல்வேன். நீ கேட்டது கேள்வியே இல்லை என்று சொல்ல மாட்டேன்.