பெர்னூலி குடும்பத்துக்கு ஒரு கொடிவழி

குடும்பப்பெயர்களைத் தேடித் தொகுப்பது என் நெடுநாளைய ஓய்வுநேர விருப்பம். இம்முறை கணித அறிஞர்கள் பலரைத் தந்த, சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்துப் பெர்னூலிகளை எடுத்துக்கொண்டு, பெரிய வரைதாள் ஒன்றில் அவர்களுடைய கொடிவழியை வரைந்து, ஒவ்வொரு பெயரின் கீழும் அவரவர் கண்டறிந்தவற்றை எழுதி வருகிறேன்.

இன்றைய பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பிலிருந்து சமயக் கெடுபிடியால் வெளியேறிய வணிகக் குடும்பம் இது. யாக்கோபு, யோஹான், நிக்கோலஸ் என்னும் பெயர்கள் தலைமுறைதோறும் திரும்ப வருவதால், தலைமுறைக்கு ஒரு மை நிறமும் பெயருக்கு அருகில் பிறப்பு, இறப்பு ஆண்டுகளும் இட்ட பிறகே வரைபடம் தெளிந்தது.

அடுக்குகளின் கூட்டுத்தொகையைக் காண உதவும் பெர்னூலி எண்கள், இரண்டே விளைவுகள் உள்ள சோதனைக்கான பெர்னூலி பரவல், சோதனையைப் பலமுறை செய்யச் செய்ய விளைவின் விகிதம் அதன் நிகழ்தகவை நெருங்கும் என்னும் பேரெண் விதி ஆகிய மூன்றும் மூத்த யாக்கோபின் (1655–1705) கட்டத்தில் அமர்ந்தன. நிகழ்தகவு பற்றிய அவருடைய பெருநூல், அவர் மறைந்து எட்டாண்டுகள் கழித்து, 1713-இல்தான் தம்பி மகன் நிக்கோலஸின் முயற்சியால் அச்சேறியது. சீனிவாச ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை, 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது, பெர்னூலி எண்களைப் பற்றியதே என்பதால், அக்கட்டத்திலிருந்து ஒரு புள்ளிக்கோடு இழுத்து ஓரத்தில் அவர் பெயரையும் மகிழ்ச்சியோடு எழுதினேன்.

அதிக நேரம் பிடித்த இடம் யோஹானும் (1667–1748) அவருடைய மகன் டேனியலும் (1700–1782) நிற்கும் பகுதி. அண்ணன் யாக்கோபிடம் கணிதம் கற்றுப் பின்னர் அவருடனேயே போட்டியிட்ட யோஹான், 1734-இல் பாரிஸ் அறிவியற் கழகத்தின் பரிசை மகனுடன் பகிர்ந்துகொள்ள நேர்ந்ததைப் பொறுக்கவில்லை. டேனியலோ, நீர்மங்களின் ஓட்டத்தைப் பற்றி 1738-இல் வெளியிட்ட நூலின் முகப்பில் தம்மை 'யோஹானின் மகன்' என்றே குறித்துக்கொண்டார். அதன் பிறகு தந்தை அதே பொருளில் தாம் வெளியிட்ட நூலுக்கு 1732 என்று முன்தேதி இட்டார். இது மகனுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே கருதுகிறேன்; ஆகவே விமான இறக்கையை விளக்கும்போது இன்றும் எடுத்துக்காட்டப்படும் பெர்னூலி தத்துவத்தை (ஓட்டத்தின் வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்பதை), ஆண்டுடன், டேனியலின் கட்டத்தில் மட்டுமே எழுதியிருக்கிறேன்.

அடுத்து, பீட்டர்ஸ்பர்க்கின் நேவா ஆற்றில் 1789-இல் மூழ்கி 29 வயதிலேயே இறந்த இரண்டாம் யாக்கோபையும், கட்டடக் கலைஞர் ஹன்ஸ் பெர்னூலியையும் (1876–1959) சேர்ப்பதற்காக வரைதாளின் அடியில் இன்னொரு தாளை ஒட்டியிருக்கிறேன்.