வள்ளமும் வெள்ளைத் தாளும்

பாளையங்கோட்டையில் நான் நடத்தும் வழக்குகளில் பாதி நிலத்தகராறு. கடற்கரையிலிருந்து வந்த ஒரு வழக்குதான் இன்னும் மனதில் நிற்கிறது.

உவரிப் பக்கத்து மீனவர். நகையை அடகு வைத்து பைபர் வள்ளம் வாங்கியிருந்தார். எட்டே மாதத்தில் என்ஜின் மாட்டும் இடத்தில் விரிசல். செல்போனில் வீடியோ காட்டினார்: விரல் வைத்து அழுத்தினால் மேல்பூச்சு அமுங்கி, உள்ளிருக்கும் பலகையிலிருந்து தண்ணீர் கசிந்தது. "கட்டுனவங்க, நீங்கதான் பாறையில இடிச்சிருப்பீங்கன்னு சொல்றாங்க வக்கீலய்யா."

"பில் இருக்கா அண்ணாச்சி?"

சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த வெள்ளைத் தாள் வந்தது. தொகையும் கையெழுத்தும் மட்டும். வாரண்டி வாய்ச்சொல்லோடு சரி. நல்லவேளை, பணம் வங்கி வழியாகப் போயிருந்தது.

கட்டிய இடம் வேறு மாவட்டம். ஆனாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை.

"மீன் பிடித்து விற்பது வியாபாரம், கூலிக்கு ஆளும் வைத்திருக்கிறார், இவர் நுகர்வோரே அல்ல" என்றது எதிர்த்தரப்பு. இந்த வாதத்தைக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வரும். பத்துப் படகு வாங்கி ஆள் விட்டுச் சம்பாதிப்பவரைப் பற்றி அப்படிச் சொல்லலாம். இவர் விடியுமுன்னே தானே கடலுக்குப் போகிறவர். சொந்த உழைப்பில் பிழைக்க மட்டுமே வாங்கிய பொருளை வணிக நோக்கத்தில் சேர்க்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே விளக்கிவிட்டது. அதைத்தான் வாதாடினேன், ஆணையம் ஏற்றது.

கஷ்டம் வேறிடத்தில் இருந்தது. நிபுணர் வந்து பார்க்கும்வரை வள்ளத்தைச் சரிசெய்ய வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். சரிசெய்தால் சாட்சியமே போய்விடும். "அதுவரைக்கும் சோத்துக்கு?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போனார். கடைசியில் வந்த நிபுணர் உள்ளங்கையளவு துண்டை வெட்டி எடுத்தார். பலகையின் ஓரத்தில், தண்ணீர் புகாமல் அடைக்கும் ரெசின் என்ற பிசினே படவில்லை. பாறையில் இடித்த தடம் எதுவும் இல்லை.

பழுதுச் செலவு முழுவதும் கிடைத்தது. தொழிலுக்குப் போகாத நாட்களுக்குக் கேட்டதில் மட்டும் கொஞ்சம்தான் கிடைத்தது. பழைய வருமானத்தைக் காட்ட மீன் ஏலச் சீட்டுகள் அவரிடம் இல்லை. பில்லைக் கேட்ட அன்றே அவற்றையும் நான் கேட்டிருக்க வேண்டும். அப்போது ஒரு கட்டு அவர் வீட்டுப் பரணில் கிடந்ததாம்.