"என்னம்மா பார்த்தே?"

எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) மாணவர்கள் குழந்தைகள் பாதுகாப்பில் வேலை பார்க்கும் எங்களிடம் களப்பணிக்கு வந்தால், எடுத்ததும் நான் சட்டம் பேசுவதில்லை. பழைய படிவம் 22 ஒன்றில் பெயர், ஊர் எல்லாவற்றையும் மறைத்துக் கையில் கொடுத்துவிடுவேன். குழந்தை நலக் குழு கேட்கும் சமூக விசாரணை அறிக்கை அது. வீட்டுக்குப் போய் விசாரித்து 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். குழந்தை அம்மாவிடம் திரும்புமா, குழந்தைகள் இல்லத்துக்குப் போகுமா என்பதைக் குழு முடிவு செய்யும்போது முன்னால் இருப்பது இந்தத் தாள்தான்.

சமீபத்தில் ஒரு மாணவி என்னோடு வீடு பார்க்க வந்தாள். கெட்டிக்காரி. பழகுவதற்காக எழுதச் சொன்னேன். "தாய் பொறுப்பற்றவர். வீட்டுச்சூழல் சரியில்லை" என்று எழுதி நீட்டினாள்.

"சரி, என்னம்மா பார்த்தே?"

"அம்மா ஸ்பின்னிங் மில்லுல நைட் ஷிப்ட் மேடம். ராத்திரி பெரியவங்க யாரும் இல்ல. பக்கத்து வீட்டுப் பாட்டிதான் சோறு போட்டு, கூடப் படுத்துக்கிறாங்க."

அந்தப் பாட்டி அறிக்கையில் இல்லவே இல்லை! குழு முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியதே பாட்டியைப் பற்றித்தான். பார்த்ததை எழுது, தீர்ப்பை எழுதாதே என்று இரண்டு வருடப் படிப்பில் யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டாமா?

குழு உறுப்பினர்களுக்கு நியமனமான இரண்டு மாதத்துக்குள் பயிற்சி தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. களப்பணியாளருக்கும் பயிற்சி உண்டுதான். நான் போனவற்றில் பாதி பவர்பாயிண்ட், மதியம் பிரியாணி, மாலை சான்றிதழ். (பிரியாணியைக் குறை சொல்ல மாட்டேன்.)

டாக்டர், வக்கீல், நர்ஸ் எல்லோருக்கும் தொழில்முறைப் பதிவு உண்டு. 2021இல் வந்த துணை மருத்துவத் துறையினர் சட்டம் மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்களைச் சேர்த்துக்கொண்டது. குழந்தைகள் பாதுகாப்பில் இருக்கும் எங்களுக்கு அப்படி ஒரு பதிவு இல்லை. இங்கிலாந்தில் பதிவு செய்யாமல் ஒருவர் தன்னை 'சோஷியல் வொர்க்கர்' என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

பதிவு இங்கேயும் வரட்டும். ஆனால் அட்டை கையில் இருந்தால் மட்டும் பாட்டி கண்ணில் பட்டுவிடமாட்டார். எழுதியதைப் படித்து எதிர்க்கேள்வி கேட்க ஒரு மூத்தவர் வேண்டும். தொகுப்பூதியத்தில் யார் அவ்வளவு காலம் தங்குகிறார்கள்? தொழில் பிடிபடும் நேரத்தில் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

இப்போதைக்கு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருவர் அறிக்கையை இன்னொருவர் படிக்கிறோம். புதிதாக வந்தவரின் அறிக்கை என்றால், மூத்தவர் ஒருவரும் அந்த வீட்டுக்குப் போய்வந்த பிறகுதான் குழுவுக்குப் போகும்.