வட்டம் போட்ட காலண்டர்

"மாசத்துக்கு எத்தனை தடவை வலிப்பு வருது?" என்று டாக்டர் கேட்டால் என் வீட்டுக்காரர், "ரெண்டு மூணு இருக்கும் சார்" என்பார். என் பையில் இருக்கும் காலண்டர் தாளில் ஒன்பது வட்டம். பொய் சொல்லவில்லை, வந்ததே அவருக்குத் தெரியாது.

கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே பார்வை நிலைகுத்தும். வெற்றிலை மெல்லுவது போல வாய் அசையும். வலது கை சட்டையின் இரண்டாவது பித்தானைத் திருகிக்கொண்டே இருக்கும். ஒன்றரை நிமிஷம். கொஞ்சம் திணறிவிட்டு, "மீதி எவ்வளவு சொன்னேன்?" என்பார். கீழே விழுந்து வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று நினைக்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒருமுறை பக்கத்துக் கடை அண்ணாச்சி இவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். அதற்குள் தானாகவே நின்றுவிட்டது. அண்ணாச்சிக்கு இன்றுவரை அது சாவியின் மகிமைதான்.

கார்பமசெபைன் என்ற வலிப்பு மாத்திரை ஒன்றிலேயே நாலு வருஷம் ஓட்டினோம். அடங்காததால் கூடவே லெவெடிராசிட்டம் சேர்த்தார்கள். வட்டம் குறையவில்லை, கோபம்தான் கூடியது. சாம்பாரில் உப்பு குறைந்ததற்குத் தட்டைத் தள்ளிவிட்டார், இருபது வருஷத்தில் குரல் உயர்த்தாத மனுஷன். மாத்திரையின் வேலை இது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பொருத்தமான இரண்டு மருந்தைப் போதிய அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால், மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று கணக்கு வைப்பார்களாம். மூன்றாவதில் முழுசாக நிற்கும் வாய்ப்பு குறைவு, எண்ணிக்கை குறையலாம் என்றார். ஆபரேஷனுக்கு ஏற்றவரா என்று பார்க்க எம்ஆர்ஐயும் எழுதினார்.

லெவெடிராசிட்டத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். இசிஜி பார்த்துவிட்டு லக்கோசமைடு, காலையும் இரவும் 50 மி.கி. ஒரு வாரம் கழித்து 100. அந்த வாரமே வாசல்படி இரண்டாகத் தெரிகிறது என்று தடுமாறி நின்றார். புது மாத்திரையைத் தூக்கிப்போடத்தான் எனக்குத் தோன்றியது. டாக்டர் குறைத்ததோ பழைய கார்பமசெபைனை! இரண்டும் நரம்பில் ஒரே சோடியம் வாசலை அடைக்கிற மருந்தாம். சேர்ந்தால் தலைசுற்றலும் இரட்டைப் பார்வையும் வருமாம். மத்தியான வேளை கார்பமசெபைனை எடுத்த நாலு நாளில் படி ஒன்றானது.

போன மாசம் நாலு வட்டம். "நாலா? நீ கூட்டிப் போடுற" என்கிறார். அதனால் இப்போது வட்டத்துக்குள் மணியும் எழுதுகிறேன், பக்கத்தில் மகள் ஒரு கையெழுத்துப் போடுகிறாள்.